கொடையும் நஞ்சும்

எம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டு ஜேர்மனி சென்றுள்ளார். தாம் குடியிருக்கும் வீட்டு மூதாட்டியின் பிறந்தநாளன்று, ஊரிலிருந்து தருவித்த தேயிலையைப் பொதிசெய்து, பரிசு என்னும் பொருள்பட 'கிப்ற்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தாராம். மூதாட்டியோ பொதியைத் தொடாமல் அவர் முகத்தையே நெடுநேரம் நோக்கினாராம். ஜேர்மன் மொழியில் 'கிப்ற்' என்றால் நஞ்சு!

எழுத்துக்கெழுத்து ஒத்த சொற்கள் இவ்வாறு முரண்படுவது தற்செயலோ என்று அவர் எமக்கு எழுதிக் கேட்டுள்ளார். தற்செயலன்று, இரண்டும் உடன்பிறந்தவையே. கொடுத்தல் என்னும் பொருளுடைய ஒரே பழைய வினையடியிலிருந்து இரண்டும் பிறந்தன.

கொடை நஞ்சான கதை சுவையானது. கிரேக்க வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தை 'டோசிஸ்' என்றனர். கொடுத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். நம் வைத்தியர் கூறும் 'டோஸ்' அதுவே. இலத்தீன் வழியாக இவ்வழக்கை அறிந்த ஜேர்மானியர், தம் 'கிப்ற்' என்ற சொல்லையும் அவ்வாறே ஆண்டனர். அளந்து கொடுப்பது மருந்தாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் அல்லவா? நஞ்சென்று வாய்விட்டுச் சொல்லக் கூசியோர் 'கொடுத்தது' என்று மறைத்துக் கூறினர். நன்னூலார் 'மங்கலம்' என வகுத்த வழக்கினை இது ஒத்ததாகும். நாளடைவில் அம்மறைப்பே பெயராக நிலைத்துவிட்டது.

எனினும் பழைய பொருள் முற்றாக அழிந்திலது. சீதனத்துக்கு ஜேர்மன் மொழியில் 'மிற்கிப்ற்' என்று பெயர். உடன் கொடுப்பது என்பது பொருள். (பெண்ணைப் பெற்ற தந்தையர் இங்கும் நஞ்சையே கண்டால் அவரை நாம் குறைகூறோம்.) சுவீடிய மொழியிலோ இதே எழுத்துக்களாலான சொல் நஞ்சையும் குறிக்கும், மணமானவரையும் குறிக்கும்! நாம் 'பெண் கொடுத்தல்' என்பதுபோல அங்கும் மணம் ஒரு கொடையாயிற்று. பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் மணமகளுக்காகக் கொடுக்கும் பொருளையே குறித்தது.

இனி, நஞ்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'பொய்சன்' எங்கிருந்து வந்தது? பானம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லொன்று பிரெஞ்சு வழியாக வந்து அவ்வாறு திரிந்தது. பரிசுக்கு ஜேர்மானியர் வழங்கும் சொல் 'கெஷெங்க்'. அதன் வினையடிக்குப் பண்டைப் பொருள், பானத்தைக் கிண்ணத்தில் வார்த்துக் கொடுத்தல் என்பதாம். ஆகவே ஆங்கிலேயர்க்குக் கொடுத்தல் பரிசாகவும் பருகுதல் நஞ்சாகவும் முடிந்தன. ஜேர்மானியர்க்கோ கொடுத்தல் நஞ்சாகவும் பருகத் தருதல் பரிசாகவும் முடிந்தன. அகராதியைப் புரட்டிய அன்று நாமே இதனை இருமுறை படித்துப் பார்த்தோம்.

விளக்கம் கேட்டபின் மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தாராம். உடனே அத்தேயிலையை வடித்து இரு கிண்ணங்களில் வார்த்தாராம். ஆயினும் முதற் கிண்ணத்தை எம் மாணவரையே குடிக்கச் செய்தாராம்.