டிரைவர் இல்லா லோரியும் நம் கடமையும்

“லோரி தானாக ஓடும் காலம் வந்துவிட்டதாமே, டிரைவர்களின் கதி என்ன?” என்று தோட்டத் தோழர்கள் பலர் கேட்கின்றனர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. பால்வெட்டுத் தொழிலை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களில், எத்தனையோ பிள்ளைகளுக்கு லோரி லைசென்சுதான் இன்று சோறு போடுகிறது.

செய்தி பொய்யன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கிடையே 2025-ஆம் ஆண்டில் அரோரா என்னும் கம்பெனி ஆளில்லாச் சரக்கு லோரியை ஓட்டிற்று. ஆயினும் சில வாரங்களுக்குள், வண்டியைச் செய்து கொடுத்த கம்பெனி கேட்டுக்கொண்டபடி, டிரைவர் இருக்கையில் மீண்டும் ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். நம் அண்டையிலே, 2022-இல் திறப்புவிழாக் கண்ட சிங்கப்பூர் துவாஸ் துறைமுகத்தில் கொள்கலன்களைச் சுமப்பவை ஆளில்லா வண்டிகளே.

வேலியிட்ட துறைமுகத்திலும் நீண்ட நெடுஞ்சாலையிலும் இயந்திரம் முதலில் நுழைகிறது. மழையில் சறுக்கும் தோட்டத்து மண்சாலையிலும், சரக்கை இறக்கிக் கையெழுத்து வாங்கும் ஸ்டோர் வாசலிலும் மனிதனின் தேவை எளிதில் தீராது. ஆகவே, நாளையே எல்லா டிரைவர்களும் வீட்டுக்குப் போவார்கள் என்பது வீண் பீதி. ஆனால் தூர ஓட்டம் கைவிட்டுப் போய்ச் சில்லறை ஓட்டம் மட்டும் மிஞ்சினால், டிரைவருக்கு வேலை இருக்கும், வயிறு நிறையாது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதா? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, பால் வெட்ட எந்த இயந்திரமும் வரவில்லை. மரம் மாறிற்று, குறைந்த ஆட்கள் போதும் என்றார்கள். பின்னர் பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. செக்ரோலில் பெயர் அடிபட்டவனுக்கு லயத்து வீடும் போயிற்று. செம்பனை மரத்தின் மீது நாம் கோபம் கொள்வதில் பயனில்லை. மாற்றத்தின் லாபம் ஒரு கைக்கும் அதன் நஷ்டம் நம் தலைக்கும் வரும்படி செய்த ஏற்பாடே நம்மைக் கெடுத்தது.

வேலைச் சட்டத்தின் கீழ், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்ய 8 வார நோட்டீஸ் வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு ஒன்றுக்கு 20 நாள் சம்பளமும் உண்டு. இருபது ஆண்டு ஓட்டியவருக்கு 400 நாள் சம்பளம். அதற்குப் பிறகு? நாற்பத்தைந்து வயதுக்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? “நீ தொழிலாளி இல்லை, கான்டிராக்டர்” என்று எழுதி வைத்து ட்ரிப் கணக்கில் கூலி வாங்குபவருக்கோ, இந்தத் தொகையைப் பெறுவதே ஒரு வழக்கு.

அமெரிக்காவில் காலிபோர்னியாவின் சட்டமன்றம், பெரிய லோரியில் ஆள் இருக்க வேண்டும் என்னும் மசோதாவை 2023-இலும் 2024-இலும் நிறைவேற்றியது. இரு முறையும் கவர்னர் அதைத் தள்ளிவிட்டார். அதே நாட்டுக் கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களோ, 2024 அக்டோபரில் சம்பளத்துக்காகவும் இயந்திரப் பிரச்னைக்காகவும் மூன்று நாள் வேலை நிறுத்தம் செய்து, 2025-இல் வேலைப் பாதுகாப்புடன் ஆறாண்டு ஒப்பந்தம் கண்டனர். சட்டம் வரட்டும், வரவேற்போம். அதுவரை ஒப்பந்தமே நம் கையிலுள்ள ஆயுதம்.

நம் கோரிக்கைகள் மூன்று. புதிய வண்டியை வாங்கும் முன் சங்கத்தோடு பேச வேண்டும். அதைக் கண்காணிக்கவும் பழுது பார்க்கவும் பழைய டிரைவருக்கே முழுச் சம்பளத்துடன் பயிற்சி தர வேண்டும். ட்ரிப் கூலி டிரைவரையும் தொழிலாளியாகப் பதிய வேண்டும்.

வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு பேச்சுவார்த்தை கேட்பவனுக்கு நோட்டீஸ்தான் மிஞ்சும். தோழர்களே! உங்கள் தோட்டத்துப் பால் லோரி டிரைவர் சங்க அங்கத்தினரா? நாளைக் காலைப் பிரட்டிலேயே கேளுங்கள். இல்லையெனில், அன்றே சேர்த்துவிடுங்கள்.