காருக்கும் ஒரு சும்மாடு

தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து செல்லும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். குடத்தைத் தூக்கி வைப்பதற்கு முன், பழந்துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சும்மாடு என்று பெயர். குடத்தின் எடையில் குன்றிமணி அளவைக்கூட அது குறைப்பதில்லை. ஆயினும் எடை ஓரிடத்தில் குத்தாமல் பரவுகிறது, குடமும் வழுக்குவதில்லை. இந்த இரண்டு பயன்களுக்காகவே அந்தத் துணி வளையம்.

இம்மாதம் நாம் பேசவிருப்பது காருக்குரிய சும்மாட்டைப் பற்றியதாகும். ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் தொழில் பழகும் வாசகச் சகோதரர் ஒருவரின் மடலே இதற்குக் காரணம். அவருடைய பட்டறைக்கு ‘கார்வெட்’ எனும் அமெரிக்கப் பந்தய வகைக் கார் ஒன்று வந்திருக்கிறது. மற்றக் கார்களைத் தூக்குவது போலவே ஜாக்கியை அடியில் செலுத்தி உயர்த்தினாராம். ‘டக்’ என்று ஓர் ஓசை. பக்கவாட்டு அடிப்பலகம் வெடித்துவிட்டது. அதற்கு ஈடாக அவருடைய ஒரு மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது. “நான் செய்த தவறு என்ன?” என்று கேட்கிறார். வளைகுடா நாடுகளின் பட்டறைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் உழைத்து வருவதால், இக்கேள்விக்கு விரிவாகவே விடை கூறுவது நலம்.

முதலில் அந்தக் காரின் அமைப்பை அறிவோம். 1953இல் முதன்முதலாக வெளிவந்த நாள்தொட்டு, கார்வெட்டின் மேற்கூடு இரும்புத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடி இழை முதலான கலப்புப் பொருளால் ஆனது. எடையைத் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் உலோகச் சட்டகமே. வெளியே நம் கண்ணுக்குத் தெரியும் அடிப்பலகம் வெறும் போர்வை. நமது சகோதரரின் ஜாக்கி சட்டகத்தைத் தொடுமுன் போர்வையைத் தொட்டுவிட்டது. நேர்ந்தது இவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. 1997இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில், காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர்கள் பொருத்தப்பட்டன. ஆகவே ஸ்டெப்னியும் ஜாக்கியும் காரோடு தரப்படவில்லை. தூக்குவதற்கென்றே அமைந்த கருவி வண்டியில் இல்லாததால், அவரவர் கையில் கிடைத்ததைக் கொண்டு தூக்கத் தலைப்படுகின்றனர்.

சும்மாடு இல்லாமல் தூக்கினால் என்ன ஆகும்? அந்தக் காரின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ. சட்டகம் விறைப்பாக இருப்பதால், ஒரு பக்கத்தில் ஓரிடத்தைத் தூக்கும்போது சில வேளைகளில் அப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டுமே தரையை விட்டு எழும். அப்போது காரின் பாதி எடை ஜாக்கியின் தலைமேல் இறங்குகிறது. அதை 700 கிலோ என்றே கொள்வோம். ஜாக்கித் தலையின் இரும்புப் பற்கள் மொத்தம் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பில் காரைத் தொட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 175 கிலோ அழுத்தும். இடையில் 7.6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரப்பர் வட்டை வைத்தால் பரப்பு 45 சதுர சென்டிமீட்டராகிறது. அழுத்தம் 16 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எடை அதுவே, அது இறங்கும் வகைதான் வேறு.

கார்வெட்டில் இதற்கான இடம் முன்னரே அமைக்கப்பட்டுள்ளது. 1997 முதல் 2019 வரை வந்த மூன்று தலைமுறைகளிலும், முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னும் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னும் சட்டகத்தின் அடியில் நீள்வட்டத் துளைகள் நான்கு உள்ளன. காரை ஏற்றிச் செல்லும்போது கட்டி நிறுத்துவதற்கும் இவை பயன்படுகின்றன. இத்துளையில் பொருந்துமாறு, மேலே சிறு கொண்டை வைத்த வட்டக் கட்டைகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கொண்டையைத் துளையில் நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் கட்டை கீழே விழாமல் தொங்கி நிற்கும். பிறகு அதன் அடியில் ஜாக்கியைக் கொண்டுவர வேண்டியதுதான். 2020 முதல் வந்த எட்டாம் தலைமுறைக்கு அதற்கென்றே செய்த கட்டையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதைக் கடைசல் பட்டறையில் அலுமினியத்திலோ கெட்டியான நைலானிலோ செய்துகொள்ளவும் இயலும். ஆனால் இரண்டு அளவுகளில் கவனம் தேவை. ஒன்று, எடையைத் தாங்க வேண்டியது கொண்டையன்று. கட்டையின் அகன்ற தோள் சட்டகத்தோடு சமமாகப் படிந்து தாங்க வேண்டும். கொண்டையின் வேலை கட்டையை இடம் பெயராமல் நிறுத்துவது மட்டுமே. மற்றொன்று, கட்டையின் உயரம். துளை, அடிப்பலகத்தின் விளிம்பைவிட உள்ளே மேலேறி இருக்கும். கட்டையின் அடிப்புறம் அவ்விளிம்பையும் கடந்து கீழே வந்தால்தான் ஜாக்கியின் தலை பலகத்தைத் தொடாது. நம் சகோதரருக்கு ஏற்பட்ட இழப்பைத் தடுத்திருக்கக்கூடியது இந்தச் சிறு உயரமே.

எல்லாக் கார்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல. 1989இல் வெளிவந்த ‘மாஸ்டா எம்.எக்ஸ்-5’ போன்றவற்றில், பக்கவாட்டின் அடியில் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த விளிம்பு ஒன்று கத்தி போல நீண்டிருக்கும். தட்டையான ஜாக்கித் தலை அதை மடக்கி நசுக்கிவிடும். மடங்கிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்து துரு ஏறும். இதற்கு நடுவே பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை வேண்டும். அமெரிக்கர் பலர் இதற்கு எளிய வழியொன்றைக் கையாளுகின்றனர். பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியின் வட்டு, கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரால் ஆனது. ஓர் அங்குல கனமும் மூன்று அங்குல விட்டமும் கொண்டது. அதன் நடுவில் ரம்பத்தால் பள்ளம் அறுத்தால் கட்டை தயார். விளிம்பு இறுகாமல் நுழையும் அளவுக்குப் பள்ளம் அகன்றிருக்கட்டும். ஆனால் ஆழம் கட்டையின் பாதிக் கனத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் பளுவில் இரண்டாகப் பிளந்துவிடும். விளிம்பு உயரமாக இருந்தால் கனமான கட்டையைத் தேடுவதே முறை.

எதைக் கட்டையாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். செங்கல்லும் சிமென்டுக் கல்லும் அறவே ஆகா; அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. மெல்லிய மரத்துண்டு நார்வாக்கில் பிளக்கும். இக்காலத்தில் கணினி வரைபடத்தைக் கொண்டு பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காக உருக்கிக் கட்டை செய்து தருகிறார்கள். அவற்றுள் சில வகைப் பிளாஸ்டிக்குகள் 60 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். அடுக்குகள் பிரிந்தும் போகும். வளைகுடா வெயிலில் நிற்கும் வண்டிக்கு அவற்றை நம்பலாகாது. ரப்பர் கட்டையிலும் வெடிப்புக் கண்டால் அன்றே எறிந்துவிடுங்கள்.

இனித் தூக்கும் முறை. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெயிலில் இளகிய தார்ச்சாலையில் ஜாக்கி புதையும். தரையில் நிற்கப் போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கார் மிகத் தாழ்வாக இருந்து ஜாக்கி நுழையாவிட்டால், நான்கைந்து சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகள்மீது சக்கரங்களை ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம். உரிய இடம் எதுவென்பதை அந்தந்தக் காரின் கையேட்டில் பார்த்த பின்னரே ஜாக்கியை வையுங்கள். கார்வெட்டின் அடியில் குறுக்காகச் செல்லும் கலப்புப் பொருள் வில்பட்டையில் (2019 வரையிலான இம்மூன்று தலைமுறைகளிலும் இது உண்டு) ஒருபோதும் வைக்கக் கூடாது.

கார் ஒருபுறம் உயரும்போது நேர்மேலே எழுவதில்லை; எதிர்ப்புறச் சக்கரங்களை அச்சாகக் கொண்டு வில்போல் சாய்ந்து எழுகிறது. அதற்கேற்ப உருளை வைத்த ஜாக்கியும் தரையில் சிறிது நகர வேண்டும். சிறு கல் தடுத்தாலும் ஜாக்கி நகராது, கட்டைதான் வழுக்கும். எனவே தரையை முதலில் கூட்டிவிடுவது வீண் வேலையன்று.

இறுதியாகச் சொல்ல இருப்பதே யாவற்றினும் முக்கியமானது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. அதனுள்ளே எடையை ஏந்தியிருப்பது எண்ணெயும் ஒரு ரப்பர் வளையமும்தான். வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும், கார் இறங்கும். எத்துணை நல்ல கட்டையை வைத்திருந்தாலும், இருபுறமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, காரை அவற்றின்மீது இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டகத்தின் கீழே படுக்க வைப்பதும் நல்ல வழக்கம். எல்லாம் கைவிட்டாலும் ஓர் ஆள் உயிரோடு கிடப்பதற்கான இடைவெளியை அது தரக்கூடும்.

சகோதரரே, பிறர் நம்பி ஒப்படைத்த வண்டி நம் கையில் அமானிதம் என்பதை உங்கள் மடலே உணர்த்துகிறது. வெடித்த பலகத்துக்காக வருந்துகிறீர்கள். அந்த வருத்தம் உங்களை நல்ல தொழிலாளியாக ஆக்கும். ஆனால் உங்கள் மடலில் ஒரு வரி எங்களை அதிகம் கலங்கச் செய்தது. பலகம் வெடித்த பின்னரும், அதே ஜாக்கியின்மேல் நின்ற காரின் அடியில் படுத்து வேலையை முடித்ததாக எழுதியிருந்தீர்கள். பலகம் விலைக்குக் கிடைக்கும். ஊரில் உங்கள் மடலுக்காகக் காத்திருக்கும் உம்மாவுக்கு வேறொரு மகன் விலைக்குக் கிடைக்கமாட்டான். அடுத்த மாதச் சம்பளத்தில் முதற்செலவாக இரண்டு ஸ்டாண்டுகளை வாங்கிக்கொள்ளுங்கள். சும்மாட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.