தொழுவத்தில் மூன்று இரவுகள்

கடந்த ஆண்டு ஜூலையில் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், ஓர்ச்சா பள்ளத்தாக்கில், ஒரு குடும்பம் நடத்தும் பழைய பண்ணை விடுதியில் மூன்று நாட்கள் தங்க வாய்த்தது. சன்னலைத் திறந்தால் களிமண் குன்றுகள், சைப்ரஸ் மர வரிசை, அறுவடை முடிந்த கோதுமை வயல். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலப்பரப்பு இது. ஓவியம் போலிருக்கிறது என்றார் உடன்வந்த நண்பர். நானும் ஆமோதித்தேன். நான் படுத்திருந்த அறை ஒருகாலத்தில் உழவு மாடுகளின் தொழுவம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சொன்னவர் விடுதியை நடத்தும் மூதாட்டியே. அப்பகுதியின் பண்ணை வீடுகள் பெரும்பாலும் அவ்விதம் அமைந்தவை. கீழே மாடுகள், மேலே மனிதர்கள். அம்மனிதர்களுக்கு நிலம் சொந்தமில்லை. விளைச்சலில் பாதியை உடைமையாளருக்கு அளந்த வாரக்குடிகள் அவர்கள். 'மெட்ஸத்ரியா' எனும் அம்முறையின் பெயரிலேயே 'பாதி' இருக்கிறது. பல நூற்றாண்டுகள் நீடித்த அம்முறையில் புதிய ஒப்பந்தங்களை 1964இல் ஒரு சட்டம் தடைசெய்தது. அதற்கு முன்பே வாரக்குடிகள் நகரங்களை நோக்கி வெளியேறத் தொடங்கியிருந்தனர். வீடுகள் வெறிச்சோடின.

அவ்வீடுகளே இன்று விடுதிகள். வறுமைக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டுவது எளிது. முதல் இரவு நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் பண்ணை விடுதிகள் குறித்து இத்தாலி 1985இல் இயற்றிய சட்டமும், அதன் இடத்தில் 2006இல் வந்த சட்டமும் ஒன்றை வலியுறுத்துகின்றன: விருந்தினரை ஏற்பவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும். படுக்கைக்கு நாம் தரும் பணம் ஒலிவ மரங்களையும் காப்பாற்றுகிறது. இதை வேடம் என்று ஒதுக்கிவிட முடியாது.

என் குறை வேறு. அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது லா ஃபோச்சே. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாத்ரீகர்களுக்கும் வணிகர்களுக்கும் சத்திரமாகக் கட்டப்பட்டது. 1920களில் ஐரிஸ் ஒரிகோவும் கணவர் அந்தோனியோவும் அப்பண்ணையை வாங்கினார்கள். போர்க்காலத்தில் அகதிக் குழந்தைகளுக்கும் தப்பிவந்த போர்க்கைதிகளுக்கும் அடைக்கலம் தந்தார்கள். ஐரிஸின் 1943-44 நாட்குறிப்பு 1947இல் நூலாகி, இன்றும் வாசிக்கப்படுகிறது. பின்னர் அக்குடும்பத்தாரே பண்ணை வீடுகளைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டனர். போற்றத்தக்க வரலாறுதான். ஆயினும் அது உடைமையாளரின் பேனா எழுதியது. தங்கள் பங்கு ரொட்டியைத் தலைமறைவாய் வந்தவர்களோடு பகிர்ந்துகொண்ட வாரக்குடிப் பெண்களும் அக்காலத்தில் இருந்தார்கள். நாட்குறிப்பு எழுத அவர்களுக்கு ஏது பொழுது? விடுதிகளின் அறிமுகத் தாள்களில் பிரபுக்களின் பெயர்கள் இருக்கின்றன; உழுதவர்களின் பெயர்கள் இல்லை.

எனவேதான் அந்த மூதாட்டியின் சொல் எனக்கு முக்கியமாகப்படுகிறது. "என் மாமனார் இங்கேதான் மாடுகளுக்குத் தீனி வைப்பார்" என்றார். அதில் வெட்கமும் இல்லை, பெருமிதமும் இல்லை. சுவரில் மாடு கட்டிய இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு ஒரு படத்தை மாட்டியிருந்தால் அறை இன்னும் அழகாக இருந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. பழைய வீட்டைக் காப்பது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.