பறையிலிருந்து போன ஒரு சொல்

கட்டுமரமும் மிளகுதண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறிய கதையைச் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு. பெருமைப்பட முடியாத ஒரு சொல்லும் நம்மிடமிருந்தே போயிருக்கிறது. 'பரையா' என்பதே அது. எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்பது அதற்கு ஆங்கிலேயர் தரும் பொருள்.

எண்பதுகளில் நான் பத்திரிகையொன்றில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்து வந்தேன். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவை ஆங்கிலச் செய்திகள் 'பரையா' நாடு என வர்ணித்தன. நானும் சற்றும் யோசியாமல் 'தீண்டத்தகாத நாடு' என்று எழுதினேன். பிறப்பால் மனிதரைப் பிரித்த ஓர் அரசைக் கண்டிப்பதற்கு, பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்ட சொல்லையே வசையாக்கினேன் என்பது எனக்குப் பிந்தியே உறைத்தது.

பறையர் என்ற பெயரே இச்சொல்லின் மூலம். பறை என்பது முரசு. பறைதல் என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்து முதியவர்கள் பேசுவதைப் 'பறைதல்' என்பர். மலையாளத்தில் அது இன்றும் அன்றாட வழக்கு. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சேர்த்து, சிறந்த குடிகளாக நான்கைச் சொல்கிறது. ஆகவே, இழிவு சொல்லில் இருந்ததன்று, பின்வந்தோர் ஏற்றியது.

17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் பதிவான இப்பெயரை, 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் டி செயின்ட் பியர் எழுதிய கதை ஐரோப்பாவெங்கும் பரப்பியது. 19ஆம் நூற்றாண்டில் அது ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. இதற்காக வெள்ளையரை மட்டும் நோவது நியாயமன்று. ஒதுக்கியவர்கள் நாம், அவர்கள் அதை அகராதியில் எழுதிவைத்தார்கள்.

1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக வீசப்பட்ட பெயரை முகப்பில் பொறித்த துணிவு அது. அந்த உரிமை அம்மக்களுக்குரியது. பிறரைத் திட்டுவதற்கு அப்பெயரை இரவல் எடுக்கும் உரிமை நமக்கில்லை.

இன்று செய்தி எழுதும் இளைய நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுதுங்கள். பொருள் எள்ளளவும் குறையாது. நான் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டியதில்லை.