வால் நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கு? சென்னை ஐ.ஐ.டி சொன்ன 'பனிக் கூண்டு' கதை

வால் நட்சத்திரத்தை ஒரு பழைய ஃப்ரீசர்னு வெச்சுக்கலாம். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியக் குடும்பம் உருவானபோது மிஞ்சிய பனியும் தூசியும் அதில் பெரிதாக மாறாமல் கிடக்கின்றன.

என்ன கிடைத்தது?

67பி வால் நட்சத்திரத்தைச் சுற்றிவந்த ஐரோப்பாவின் ரோசெட்டா விண்கலம், அங்கே கிளைசின் இருப்பதைக் கண்டுபிடித்தது (2016). நம் உடலில் உள்ள புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் இதுவும் ஒன்று.

அடையாறுக்கு என்ன சம்பந்தம்?

மீத்தேன் எளிதில் ஆவியாகிவிடும். பிறகு எப்படிப் பனிக்குள் தங்கியது? நீர் மூலக்கூறுகள் கூண்டுபோலச் சேர்ந்து வாயுவைப் பூட்டிவைக்கும் என்பது ஒரு விளக்கம். பூமியில் கடலடியில், அதிக அழுத்தத்தில் இது நடக்கிறது. அழுத்தமே இல்லாத விண்வெளியில்?

அடையாறை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் டி.பிரதீப் குழு இதைச் சோதித்தது. கிட்டத்தட்ட வெற்றிடத்தில், மைனஸ் 243 டிகிரி செல்சியஸில் மீத்தேன் கூண்டு உருவானதாக 2019-ல் அறிவித்தது.

அப்போ முடிஞ்சுதா?

இல்லை. அதே ஆண்டு வேறு விஞ்ஞானிகள் இந்த முடிவைச் சந்தேகித்து எழுதினார்கள். ஐ.ஐ.டி குழுவும் பதில் கொடுத்தது.

நமக்கு ஏன் முக்கியம்?

கூண்டு உண்மை என்றால், வால் நட்சத்திரத்தில் உள்ள வாயுக்களில் ஒரு பகுதி சூரியன் பிறக்கும் முன்பே பூட்டப்பட்டிருக்கலாம். அதாவது, உயிருக்கான சரக்கு சூரியனைவிடப் பழசாக இருக்கலாம்.