மூணு ரூட் ரெண்டும் ஒரு கரண்டி தோசை மாவும்

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பசங்க கிட்ட 3√2-வை ஒரே ரூட்டுக்குள்ள எழுதச் சொல்லிப் பாருங்க. நிறைய பேர் யோசிக்காம √6-ன்னு எழுதுவாங்க. சிவப்பு மையில ஒரு தப்பு விழும். கூடவே ஒரு மந்திரம்: "உள்ளே போனா ஸ்கொயர், வெளியே வந்தா ரூட். மனப்பாடம் பண்ணு." அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது.

மந்திரம் தப்பில்லை. 3 உள்ளே போகும்போது 9 ஆகுது, 9×2 = 18, ஆக 3√2 = √18. ஆனா ஏன் ஸ்கொயர் ஆகணும்னு சொல்லாம விடறதுதான் தப்புன்னு நான் சொல்றேன். காரணம் தெரியாத விதி பரீட்சை ஹால் வாசலோட போயிடும். போகும்போது 'நமக்குக் கணக்கு வராது'ங்கற பயத்தை மட்டும் விட்டுட்டுப் போகும்.

காரணம் ஒண்ணும் பெரிய விஷயமில்லை. √2-ன்னா 2 சதுர அடி பரப்பு இருக்கற சதுரத்தோட ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை மூணு மடங்கு நீட்டினா, பரப்பு மூணு மடங்கா ஆகும்? நீளத்துலயும் மூணு, அகலத்துலயும் மூணு, ஆக ஒன்பது மடங்கு. ரூட்டுக்கு வெளியே இருக்கறது நீளம், உள்ளே இருக்கறது பரப்பு. வீட்டு அம்மாக்களுக்கு இது நல்லாவே தெரியும். அதே கனத்துல ரெண்டு மடங்கு விட்டத்துக்கு தோசை வார்க்கணும்னா ரெண்டு கரண்டி மாவு பத்தாது, நாலு வேணும் :-)

இன்னொரு உதாரணம் ஜெராக்ஸ் கடையில இருக்கு. ஏ4 பேப்பரை ஏ3-க்குப் பெரிசு பண்ண மெஷின்ல 141% வைப்பாங்க. அந்த 1.41 வேற யாருமில்லை, நம்ம √2-தான். ஏ4 அகலம் 210 மி.மீ. அதை √2-வால பெருக்கினா 296.98, அதாவது ஏ4 நீளமான 297. 297-ஐ மறுபடி √2-வால பெருக்கினா 420, அதான் ஏ3 நீளம். பக்கம் √2 மடங்கு, பரப்பு சரியா ரெண்டு மடங்கு. ஜெர்மனியில 1922-ல டின் தரமா வந்து, 1975-ல ஐஎஸ்ஓ 216 ஆன அளவு இது. ஒரு பேப்பரும் ஸ்கேலும் கொடுத்தா எந்தப் பையனும் அளந்து பார்த்துடுவான்.

"இதெல்லாம் சொல்ல நேரம் ஏதுங்க, போர்ஷன் முடிக்கணுமே"ன்னு வாத்தியார்கள் கேப்பாங்க. நியாயம்தான். அப்போ பத்து செகண்ட்ல முடியற ஒரு சோதனையாவது சொல்லிக் கொடுங்க. √2 சுமார் 1.4. மூணு மடங்கு 4.2. √9-ஏ 3-தான், அப்போ √6 அதுக்கும் கீழே. 4.2-ம் 3-க்குக் கீழே இருக்கறதும் எப்படிய்யா ஒண்ணாகும்? தன் விடையைத் தானே சந்தேகப்படத் தெரிஞ்ச பையனுக்கு மந்திரம் மறந்தாலும் பரவாயில்லை.

பொட்டி தட்டற நமக்கும் இது உதவுது. 3√2 பெரிசா, 4 பெரிசான்னு பார்க்க ரூட்டே போட வேண்டாம். ரெண்டும் பாசிட்டிவ், அதனால ஸ்கொயர் பண்ணிப் பார்த்தா போதும்: 18, 16. முடிஞ்சுது. கேம் எழுதறவங்க ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற தூரத்தை இப்படித்தான் ஒப்பிடுவாங்க. மாறா, அவசரப்பட்டு ரூட்டை தசமமா மாத்தினா என்ன ஆகும்? டபுள்ல √2-வை √2-வால பெருக்கிப் பாருங்க, 2.0000000000000004-ன்னு வரும். இது 2-க்குச் சமமான்னு கேட்டா 'இல்லை'ம்பான் கம்ப்யூட்டர். √2-வை √2-வாவே கடைசி வரைக்கும் வச்சிருந்தா இந்த வம்பே இல்லை.

அதனால பெற்றோர்களே, உங்க பையனோ பொண்ணோ √6-ன்னு எழுதினா திட்டாதீங்க. ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து, ஒரு சின்ன சதுரம் வரையச் சொல்லுங்க. பக்கத்தை மூணு மடங்காக்கி, உள்ளே எத்தனை சின்ன சதுரம் அடங்குதுன்னு எண்ணச் சொல்லுங்க. ஒன்பது வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும்.