காரி தூங்கினானா?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்து, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னால் நிற்கும்போதுதான் நண்பன் சொன்னான்: "அமெரிக்கக்காரன் போரை மனசுக்குள்ள போய் எழுதுறான்டா. நம்மகிட்ட வில்லையும் வேலையும் விட்டா என்ன இருக்கு?"

கோபம் வந்தது. பாதி என்மேலேயே. இன்ஜினியரிங் ஹாஸ்டலில் 'தி கேட்சர் இன் தி ரை' படித்துவிட்டு, பணக்காரப் பையனின் புலம்பல் என்று தூக்கிப் போட்டவன் நான். அதன் அத்தியாயங்களைச் சுமந்துகொண்டு 1944இல் நார்மண்டியில் இறங்கியவர் சாலிஞ்சர். மறுவருடம் மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்தவர். இது பிறகுதான் தெரிந்தது. 1945இல் ட்ரெஸ்டனில் போர்க்கைதியாக இருந்த வானகட்டுக்கு அதை நாவலாக்க 1969 வரை ஆனது.

இவர்களையெல்லாம் தேடிப் படிக்கிற நாம், ஷோபாசக்தியின் 'கொரில்லா'வை ஏன் இந்த வரிசையில் வைப்பதில்லை? 2001இல் வந்த நாவல். சின்ன வயதிலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய் வெளியேறியவர் எழுதியது. பாரிஸில் அகதி மனுவோடு நிற்கிறவனின் கதை. கையில் எடுத்ததும் நாம் கேட்பது ஒன்றுதான்: "இவர் எந்தப் பக்கம்?" வானகட்டிடம் இப்படிக் கேட்டோமா? அமெரிக்கன் உடைந்தால் இலக்கியம், நம்மாள் உடைந்தால் துரோகம். இதுக்குப் பேர் ரசனையா?

ஓரியைக் கொன்றவன் காரி. அவனும் வள்ளல், அவனையும் பாடியிருக்கிறோம். வருஷா வருஷம் ஆடியில் இங்கே ஓரிக்கு விழாவும் எடுக்கிறோம். கொன்ற அன்று ராத்திரி காரி தூங்கினானா என்று மட்டும் எந்த மேடையிலும் கேட்பதில்லை. கேட்டு எழுதியவர்களையாவது படிப்போம்.